குளிசை ஒழுங்காகத்தான் போட்டேன்

குளிசை போட மறந்தீர்களா என்று என்னிடம் கேட்காத உயிர்கள் அந்த ஆஸ்பத்திரியில் இரண்டுதான். ஒருவர் வாட்டைக் கூட்டித் துடைக்க வருபவர். மற்றது என் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்த பூனை. மற்ற எல்லோரும் கேட்டார்கள். வந்து கேட்டார்கள், போகும்போது கேட்டார்கள், நான் பதில் சொன்ன பிறகு தலையைச் சரித்து என்னைப் பார்த்துவிட்டு இன்னொரு தரம் கேட்டார்கள்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. பல வருடங்களாக இருக்கிறது. எப்படி வந்தது என்பது கல்யாணத்துக்கு முந்திய கதை. அதை இங்கே எழுதப் போவதில்லை. வாசிப்பவர்கள் தங்கள் மனதுக்குப் பட்டதை நினைத்துக்கொள்ளலாம், எப்படியும் நினைக்கத்தான் போகிறார்கள். மயிலிட்டியில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது என் தொழில். இவ்வளவும் போதும், இதற்கு மேல் சொன்னால் நான் ஆருடைய மகன் என்று யாழ்ப்பாணத்தில் அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்த வருத்தத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு குளிசை. அதை ஒழுங்காகப் போட்டால் இரத்தத்தில் உள்ள வைரஸ் குறைந்து குறைந்து, பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு வந்துவிடும். முற்றாகப் போய்விடாது, அடங்கிக் கிடக்கும். அப்படி அடங்கிக் கிடக்கும்வரை அது பெண்சாதிக்குத் தொற்றாது. இது டொக்டர் சொன்னது. என்னிடம் சொன்னதல்ல, புவனாவிடம் சொன்னது. கல்யாணப் பேச்சு வந்தபோது நான் புவனாவிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் இரண்டு நாள் ஒன்றும் கதைக்காமல் இருந்துவிட்டு, தனியாகப் போய் என் டொக்டரைச் சந்தித்து எல்லாவற்றையும் கேட்டு வந்து, பிறகுதான் சம்மதம் சொன்னாள். உரும்பிராயில் இருக்கும் அவளுடைய ஆட்களுக்கு இன்றுவரைக்கும் தெரியாது. எங்கள் குடும்பம் டொக்டரின் அந்த ஒரு வாக்கை நம்பித்தான் நின்றது. பிள்ளை வேண்டும் என்று ஒரு வருடமாகப் பாதுகாப்பையும் விட்டிருந்தோம்.

போன மாரிக்கு என் வாயில் வெள்ளையாகப் படர்ந்தது. முதலில் வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்டதென்று நினைத்தேன். பிறகு சோறு இறங்கவில்லை. பிறகு தண்ணீரும் தொண்டைக்குக் கீழே கத்தியைப் போலப் போனது. காய்ச்சலும் பிடித்தது. கமரா வைத்த குழாயை வாய்க்குள்ளால் விட்டுப் பார்த்தார்கள். உணவு போகும் குழாய் முழுக்கப் பூஞ்சணம் பிடித்திருந்தது. நல்ல உடம்பில் அது பிடிக்காது, உடம்பின் காவல் குறைந்தவனுக்குத்தான் பிடிக்கும் என்றார்கள். அந்தக் காவல் அணுக்களை எண்ணினார்கள், குறைந்திருந்தது. வைரசை எண்ணினார்கள், ஏறியிருந்தது.

எச்.ஐ.வி.க்கு நான் போகும் கிளினிக்கின் டொக்டர் வாட்டுக்கே வந்தார். கெட்டிக்காரி, என் வயதுதான் இருக்கும். கதிரையை இழுத்துப் போட்டு இருந்து மெதுவாகத்தான் கேட்டார்.

"எத்தினை நாள் குளிசை விட்டுப்போச்சு?"

"ஒரு நாளும் விடேல்லை டொக்டர்."

"நான் பேச மாட்டன். உண்மையைச் சொன்னாத்தான் நான் வைத்தியம் செய்யலாம்."

"உண்மையைத்தான் சொல்லுறன்."

"வேறை மருந்து ஏதும் எடுக்கிறனீங்களோ?"

"இல்லை."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் விடும் அதே பெருமூச்சு. காலையில் துறைமுகத்துக்குப் போக முதல், வெறும் வயிற்றில், ஒரு நாள் தவறாமல் போட்டு வந்தவன் நான். காய்ச்சலில் போட்டேன், கல்யாண வீட்டில் கக்கூசுக்குள் நின்று போட்டேன், திருவிழாவில் போட்டேன். அந்தப் பெருமூச்சைக் கேட்டபோது கட்டிலை விட்டு எழும்பி நடந்துவிடலாம் போல இருந்தது. எழும்பத்தான் பலம் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு மிஸ்ஸி, தாதிதான், எனக்கு முன்னால் நின்று குளிசையை விழுங்கச் செய்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். நாற்பத்திரண்டு வயது ஆம்பிளை, நாக்கைத் தூக்கிக் காட்டினேன்.

புவனா விடியற்காலைப் பஸ்ஸில் வந்துவிடுவாள். கஞ்சி, வடித்த இளநீர், நான் எறிந்துவிட்டு அடுத்த நாள் திரும்பவும் கேட்கும் பழப்பாகு. என் வாயைத் துடைத்து, உடுப்பு மாற்றி, காலையில் எனக்கு வழக்கமாகத் தரும் செந்தூரத்தையும் தேனில் குழைத்துக் கரண்டியால் தருவாள். அது அவளுடைய பெரியப்பா செய்வது. அவர் உரும்பிராயில் சித்த வைத்தியர். 'அவருக்குக் களைப்பு, இரத்தம் காணாது' என்று மட்டும் சொல்லி ஒரு வருடத்துக்கு முதல் வாங்கத் தொடங்கியிருந்தாள். கஞ்சிகூட இறங்காத நாட்களில் தேன் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அது ஒன்றுதான் எனக்கு அங்கே ருசித்தது.

பக்கத்துக் கட்டில் கிழவரைப் பார்க்க வருகிறவர்கள் அவரைப் பார்த்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்புவார்கள். எங்களூரில் ஆஸ்பத்திரிக்கு வருபவர் ஒருவரை மட்டும் பார்த்துவிட்டுப் போவது மரியாதை இல்லை.

"தம்பிக்கு என்ன வருத்தம்?"

"வயித்துப் புண்" என்பாள் புவனா.

"எந்த இடம்?"

அவள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஊர் சொன்னாள். ஒரு நாள் கொடிகாமம், இன்னொரு நாள் காரைநகர். ஒரு அம்மா காரைநகரில் எந்தக் குறிச்சி என்று தொடங்கியபோது புவனா போத்தலைத் தூக்கிக்கொண்டு சுடுதண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு நித்திரை போலக் கிடந்தேன்.

புவனாவையும் பரிசோதித்தார்கள். இல்லை என்று வந்தது. நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. டொக்டர் சொன்ன மிச்சத்தை அவள்தான் கவனித்துக் கேட்டிருந்தாள். தொற்று நடந்திருந்தாலும் உடனே தெரியாது. இரத்தத்தில் அது தெரிய வாரக்கணக்கு ஆகும். மூன்று மாதம் கழித்துச் செய்யும் பரிசோதனையில் இல்லையென்றால்தான் இல்லை. அதுவரை பொறுத்திருக்க வேண்டும். பொறுத்திருங்கள் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள்.

பூஞ்சணம் மாறியது. வீட்டுக்கு விட்டார்கள். ஆனால் காவல் விடவில்லை. காலையில் நான் குளிசை விழுங்குவதைப் புவனா கைபேசியில் வீடியோ எடுத்து கிளினிக் மிஸ்ஸிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினாள். துறைமுகத்தில் எஞ்சின்கள் எனக்காகக் குவிந்து கிடக்க, நான் குசினியில் நின்று கமராவுக்கு வாயைத் திறந்தேன். ஒரு மாதம் கழித்து மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். வைரஸ் இறங்கவே இல்லை.

இப்போது அவர்களால் நான் குளிசை போடவில்லை என்று சொல்ல முடியாது. வீடியோ இருக்கிறது. நான் கொஞ்சம் நிமிர்ந்து இருந்தேன். ஆனால் பழி இறங்கவில்லை, தோளை மாற்றியது. குளிசை போட்டும் வைரஸ் அடங்கவில்லையென்றால், அது குளிசைக்கு அடங்காத வைரசாக இருக்கலாமாம். அப்படிப்பட்டது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். அதே காலத்தில் அதே கிளினிக்கில் இன்னும் இரண்டு பேருக்கும் என்னைப் போலவே ஏறியிருக்கிறதாம். எங்கள் மூவரின் இரத்தமும் கொழும்புக்குப் போனது. அங்கே வைரசின் மரபணுவை வாசித்துப் பார்ப்பார்கள். மூக்கையும் முழியையும் பார்த்து இன்னார் பிள்ளை என்று நாங்கள் சொல்வதைப் போல, இந்த வைரசும் அந்த வைரசும் ஒரு குடும்பமா என்று சொல்வார்களாம். அதற்கிடையில் யாரிடமிருந்து யாருக்குப் போயிருக்கலாம் என்று ஆட்களிடமும் கேட்க வேண்டும். அந்த வேலை மிஸ்ஸியுடையது.

மிஸ்ஸி கதவைச் சாத்தினார்.

"கிளினிக்குக்கு வாற ஆக்களோடை உங்களுக்கு வெளியிலை பழக்கம் இருக்கோ?"

"ஒருத்தரையும் தெரியாது."

"நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். ஆம்பிளையோ பொம்பிளையோ, எனக்குப் பிரச்சினை இல்லை. ஆரோடையும் உறவு இருந்ததோ?"

"என்ரை மனிசியோடை."

"அவவைத் தவிர?"

கேட்க வேண்டியதைத்தான் கேட்டார், கேட்கும் முறையிலும் பிழை இல்லை. புவனாவைக் காப்பாற்றத்தான் கேட்கிறார் என்றும் தெரியும். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இல்லாத ஆளின் பெயரை நான் எங்கே போய்ப் பிடிப்பது? இல்லை என்றேன். மிஸ்ஸியின் முகத்தில் டொக்டரின் அதே பெருமூச்சு தெரிந்தது.

ஒருவரையும் தெரியாது என்று நான் சொன்னதும் சரியில்லைதான். கிளினிக்கில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முறைக்குக் காத்திருக்கும் வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து எல்லாம் கதைப்போம். வெளியில் கண்டால் கண்ட மாதிரியே காட்டமாட்டோம். அடுத்தவரைத் தெரியும் என்று யாரிடமும் சொல்லமாட்டோம், மிஸ்ஸியிடம்கூட. வல்வெட்டித்துறைப் பக்கத்துச் சீலன் அண்ணையை எனக்கு நான்கு வருடமாகத் தெரியும். மனைவி செத்துப்போன மனிதன், நல்ல பகிடிக்காரன். அவரைக் கோயில் திருவிழாவில் முட்டிக்கொள்ளும் தூரத்தில் கண்டிருக்கிறேன். இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனோம்.

வீட்டில் புவனா மாறியிருந்தாள். சமைத்தாள், வீடியோ எடுத்தாள், என் உடுப்பைத் தோய்த்தாள். கதைக்கவில்லை என்று சொல்ல முடியாது, உப்புக் காணுமோ என்பதைப் போன்றவற்றைக் கதைத்தாள். பரிசோதனைக்குப் பயந்துதான் இப்படி இருக்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கும் வந்துவிட்டால் நான் எந்த முகத்தோடு அந்த வீட்டில் இருப்பேன் என்பதைத் தவிர எனக்கு வேறொன்றையும் நினைக்க முடியவில்லை. எஞ்சினுக்கு முன்னால் திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

அடுத்த கிளினிக்குக்கு இருவரையும் வரச் சொன்னார்கள். டொக்டர், மிஸ்ஸி, நாங்கள் இரண்டு பேர். கொழும்பு முடிவு இன்னும் வரவில்லை. மிஸ்ஸி புவனாவைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"மற்ற ரண்டு பேரிலை ஒராளை உங்களுக்குத் தெரியும் எண்டு அவரே சொல்லிப்போட்டார். நீங்கள் ஒருத்தரையும் தெரியாது எண்டனீங்கள்."

சீலன் அண்ணை சொல்லியிருக்கிறார். புவனா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இந்த ஆயுளில் மறக்கமாட்டேன்.

"உங்கள் மூண்டு பேருக்கும் இடையிலை ஏதோ போய் வந்திருக்கு" என்றார் டொக்டர். "அதைத்தான் நாங்கள் பிடிக்க வேணும்."

எனக்கு அடக்க முடியவில்லை. நான் கதிரையை விட்டு எழும்பியே விட்டேன்.

"போய் வந்தது ஒண்டுதான் டொக்டர். இவவின்ரை செந்தூரம். அந்த மனிசன் வெளிறிப்போய் இருந்தது, பாவம் எண்டு நான் கிளினிக்கிலை காணேக்கையெல்லாம் பாதி குடுத்தன். அந்தாள் தன்ரை பாதியிலை பாதியை ஆரோ சாவகச்சேரிப் பிள்ளைக்குக் குடுத்ததாம். நாங்கள் ஆளுக்காள் குடுத்தது அதைத்தான். எழுதுங்கோ. அதையும் எழுதுங்கோ."

டொக்டர் எழுதவில்லை. பேனையை மேசையில் வைத்தார்.

"என்ன செந்தூரம்?"

புவனாதான் பதில் சொன்னாள். "அயச்செந்தூரம். கொஞ்சம் சங்கு பற்பமும் போடுறவர். சத்துக்கு."

"எப்ப எடுக்கிறவர்?"

"காலமை. குளிசையோடை. தேனிலை."

"வேறை மருந்து எடுக்கிறனீங்களோ எண்டு நான் உங்களைக் கேட்டனான்" என்றார் டொக்டர் என்னிடம்.

"அது மருந்தில்லையே டொக்டர். சத்துத்தானே."

எனக்கு இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. சத்துமா குடிப்பதை யாராவது டொக்டருக்குச் சொல்வார்களா?

மிஸ்ஸி தன் கைபேசியை எடுத்துப் பழைய வீடியோ ஒன்றைப் போட்டார். குளிசை, என் வாய், நாக்கு. ஓரத்தில் தேன் கரண்டி. அடுத்ததிலும் கரண்டி. ஒரு மாதக் காலை முழுக்க அந்தக் கரண்டி அங்கேயே இருந்தது. நாங்கள் நான்கு பேரும் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

டொக்டர் விளங்கப்படுத்தினார். அயச்செந்தூரம் என்றால் இரும்பு. சங்கு என்றால் சுண்ணாம்பு. வெறும் வயிற்றில் இரண்டும் என் குளிசையோடு சேர்ந்தால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரத்தத்துக்கு ஏறவிடாது. நான் ஒழுங்காக விழுங்கிய குளிசையில் பெரும் பகுதி உடம்பைத் தொடாமலே வெளியே போயிருக்கிறது. செந்தூரம் நஞ்சில்லை, பெரியப்பாவிலும் பிழையில்லை, என்ன வருத்தத்துக்கு என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லையே. மூன்று பேருக்கும் ஏறியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம், நிறுத்திப் பார்ப்போம் என்றார்.

நான் வென்றுவிட்டேன். இரண்டு மாதமாக என்னைக் கள்ளனைப் போலப் பார்த்தவர்களுக்கு முன்னால் வென்றுவிட்டேன். ஏதாவது சுடச்சுடச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் புவனா டொக்டரிடம் கேட்டாள்.

"அப்ப இவர் வேறை ஒருதரிட்டையும் போகேல்லையோ?"

டொக்டர், கொழும்பு முடிவு வரட்டும், ஆனால் அப்படி நினைக்க இப்போது காரணம் ஒன்றும் இல்லை என்றார். புவனா தலையாட்டினாள்.

வெளியே வாங்கில் வைத்துக் கேட்டேன்.

"நீரும் நம்பேல்லையோ?"

"இல்லை."

"எப்ப தொடக்கம்?"

"வாட்டிலை இருக்கேக்கையே."

"அப்ப ஏன் ஒவ்வொரு நாளும் விடியக் காலமை கஞ்சி கொண்டு ஓடி வந்தனீர்?"

அவளுக்குக் கேள்வி விளங்காததைப் போல என்னைப் பார்த்தாள். "நம்பாட்டிலும் நீங்கள் சாப்பிடத்தானே வேணும்."

நான் அவளோடு மூன்று நாள் கதைக்கவில்லை. மிஸ்ஸி நம்பாதது அவருடைய வேலை. இவள் என் வாயைத் துடைத்த கையோடு, இவன் எவளிடமோ போய் எனக்கும் கொண்டு வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே துடைத்திருக்கிறாள். எனக்கு அது பூஞ்சணத்தைவிட நொந்தது. அவள் மிச்சச் செந்தூரத்தை என் கண்முன்னால் கிணற்றடி வாழைக்குக் கொட்டினாள். பிறகு போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு அங்கேயே நெடுநேரம் நின்றாள்.

நிறுத்தியதும் வைரஸ் இறங்கத் தொடங்கியது. சீலன் அண்ணைக்கும் அந்தப் பிள்ளைக்கும் இறங்கியது. கொழும்பு முடிவும் வந்தது. மூன்று வைரசும் மூன்று வெவ்வேறு குடும்பம். ஒன்றுக்கொன்று சொந்தமில்லை, குளிசைக்கு அடங்காததும் இல்லை. மிஸ்ஸி அதை வாசித்துக் காட்டிவிட்டு, நல்லது என்றார். நான் இன்னொரு சொல்லை எதிர்பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆனால் அது எதுவும் புவனாவின் இரத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வைரஸ் ஏறியிருந்த காலம் முழுக்க நாங்கள் பிள்ளைக்காகக் காத்திருந்த காலம். மூன்று மாதம் முடிந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். இரத்தம் எடுத்த பிறகு மிஸ்ஸி வழக்கமான கேள்விகளைக் கேட்டார். தொற்று இருக்கிறது என்று வந்தால் ஆரிட்டை இருந்து வந்திருக்கலாம் என்பது கடைசிக் கேள்வி. பதில் தெரிந்த கேள்விதான், மிஸ்ஸி பேனையை என் பக்கம் திருப்பியே கேட்டார்.

"என்னட்டை இருந்து" என்றாள் புவனா.

மிஸ்ஸி நிமிர்ந்தார். "அப்பிடி எழுத ஏலாது அம்மா."

"எழுதுங்கோ. குளிசையைக் கெடுத்தது என்ரை கை. வந்திருந்தா அது என்னட்டை இருந்துதான் எனக்கு வந்தது. இவரை எழுதாதேங்கோ. இவரை நீங்கள் எல்லாரும் போதுமான அளவு கேட்டுப்போட்டீங்கள்."

மிஸ்ஸி ஒன்றும் எழுதாமல் தாளை மடித்தார். முடிவு வரும்வரை வராந்தாவில் இருந்தோம். அவள் வெள்ளிக்கிழமை கோயிலில் இருப்பதைப் போல நேரே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு எங்களைக் கூப்பிட்டு, இல்லை என்றார்கள். முற்றாக இல்லை. நான் அந்த மேசையில் தலையை வைத்து அழுதேன். மிஸ்ஸி எழும்பிப் போய் யன்னலைத் திறந்தார்.

பஸ்ஸில் யன்னல் பக்கம் அவளுக்கு விட்டு இருந்தேன். கொஞ்சத் தூரம் போன பிறகு அவள் கேட்டாள்.

"இன்னும் என்னோடை கோவமோ?"

யோசித்துப் பார்த்தேன். இருந்தது.

"ஓம்."

"சரி" என்றாள். "திருநெல்வேலிச் சந்தையிலை இறங்கி மரக்கறி வாங்கிக்கொண்டு போவம். வீட்டை போய்க் கோவியுங்கோ."